பழைய ஜிக்சோவை மாற்ற நினைப்பவருக்கு: வன்னிப் பகுதி மரங்களில் வேலை செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

ஒன்றரை அங்குல முதிரைப் பலகையில் சாய்மனைக் கதிரை ஒன்றின் கைச்சட்டத்தை வெட்டி முடித்துப் பலகையைத் திருப்பியபோதுதான் என்னுடைய பழைய ஜிக்சோவின் (வளைவுகளை வெட்டும் கை மின்வாளின்) குறை முழுதாகத் தெரியவந்தது. மேற்பக்கத்தில் வாள் பென்சிற் கோட்டை ஒட்டியே போயிருந்தது. கீழ்ப்பக்கத்தில், வளைவு இறுகும் இடத்தில், வெட்டு நான்கு மில்லிமீற்றர் உள்ளே போயிருந்தது. அதை அரத்தால் ராவி நிமிர்த்தினால் சட்டம் மெலிந்துவிடும்; அப்படியே விட்டால் மற்றைய கைச்சட்டத்தோடு பொருந்தாது. அந்தப் பலகை கடைசியில் ஒரு முக்காலிக்குக் காலாகப் போனது.

ஜிக்சோப் பெட்டிகளில் அச்சிடப்பட்டிருக்கும் வெட்டு ஆழம் மென்மரத்துக்கு உரியது. எங்கள் பட்டறைகளுக்கு வருவதோ நீரில் போட்டால் தாழ்ந்துவிடும் பாலை, அதற்கு அடுத்தபடியான முதிரை, முறுகிய நார் கொண்ட வேம்பு, அவ்வப்போது தேக்கு. ஆகவே வேறு நாட்டவர் பைன் மரத்தில் வெட்டிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை அப்படியே நம்பி இயந்திரம் வாங்கினால், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் அது ஏமாற்றத்தில் முடியக்கூடும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்வது நல்லது. இடையில் எங்காவது குறை தீர்ந்துவிட்டால் பணம் மிச்சம்.

முதற்படி: குற்றம் இயந்திரத்தினுடையதா என்று சோதித்தல்

ஜிக்சோவின் வெட்டு சரிவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களே உண்டு. அலகு, அதாவது வாளின் பற்தகடு, மழுங்கியதாகவோ மரத்துக்குப் பொருந்தாததாகவோ இருக்கலாம். அலகைப் பிடித்திருக்கும் உட்தண்டும் அதன் முதுகைத் தாங்கும் பின்னுருளியும் தேய்ந்திருக்கலாம். அல்லது வாள் தின்னுகின்ற வேகத்தை விடக் கை அதிகமாகத் தள்ளியிருக்கலாம். மூன்றில் இயந்திரம் மட்டுமே பெருந்தொகை கேட்பது என்பதால், அதைக் கடைசியாகவே சந்தேகிக்க வேண்டும்.

ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள, கணு இல்லாத பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, வைர மரத்துக்கென்று, அதாவது கடினமான மரத்துக்கென்று, விற்கப்படும் புதிய அலகைப் பூட்டி, ஊசல் அசைவைப் (அலகு மேலும் கீழும் போகும்போது முன்னும் பின்னும் ஆடுவதைப்) பூச்சியத்தில் வைத்து, ஆறு அங்குல நீளத்துக்கு நேராக வெட்டிப் பாருங்கள். தள்ள வேண்டாம், வாள் தானாக முன்னேறும் அளவுக்குக் கை கூடவே போனால் போதும். பின்னர் மூலைமட்டத்தின் கட்டையைப் பலகையின் மேல்முகத்தில் அழுத்தி, அதன் தகட்டை வெட்டுமுகத்தில் சாய்த்து, யன்னலை நோக்கிப் பிடித்தால் வெளிச்சம் கசியும் இடைவெளி தெரியும். ஒன்றரை அங்குலத்துக்கு அரை மில்லிமீற்றர் வரையிலான விலகலை நான் குறையாகக் கொள்வதில்லை. ஒரு மில்லிமீற்றரைத் தாண்டினால், அதுவும் ஒவ்வொரு வெட்டிலும் ஒரே பக்கமாகச் சரிந்தால், முதலில் அடித்தட்டு கோணத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை இடமும் ஒரு முறை வலமுமாகச் சரிந்தால் உட்தண்டு ஆடுகிறது என்று பொருள்.

அதை உறுதிப்படுத்த, பிளக்கைக் கழற்றிவிட்டு, அலகின் கீழ் முனையை இரு விரலால் பிடித்து இடவலமாக அசைத்துப் பாருங்கள். அலகு மட்டும் வளைந்தால் அது இயல்பு. அலகைப் பிடித்திருக்கும் தண்டே "டக், டக்" என்று ஆடினால், இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது. என்னுடையது அப்படித்தான் ஆடியது. ஆனால், "வாள் சரியில்லை அண்ணை, புதுசு வாங்கத்தான் வேணும்" என்று சொல்லிக்கொண்டு வந்த பக்கத்து ஊர்த் தம்பி ஒருவரின் இயந்திரத்தில், ஒரு புதிய அலகோடு பிரச்சினை முடிந்துபோனது.

இரண்டாம் படி: அலகைத் தெரிந்துகொள்ளுதல்

ஜிக்சோவை மேம்படுத்துவதில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பலனைத் தருவது அலகே என்பதால், இந்தப் பகுதியை விரைந்து கடக்க வேண்டாம்.

அலகின் அடிப்பகுதி, அதாவது இயந்திரத்துள் பூட்டும் பகுதி, இரண்டு வடிவங்களில் வருகிறது. இரு தோள்கள் நீட்டிக்கொண்டிருப்பது ரி (T) வடிவம். துளையோடும் வளைந்த வெட்டோடும் இருப்பது யு (U) வடிவம். யு வடிவ அலகைத் திருகாணியால் இறுக்க வேண்டும். நாள் முழுவதும் அதிரும்போது திருகாணி மெல்லத் தளர்கிறது. இன்று தரமான இயந்திரங்களெல்லாம் ரி வடிவத்தையே ஏற்கின்றன. உங்களுடைய பழைய இயந்திரம் யு வடிவத்தை மட்டும் ஏற்பதாக இருந்தால், நல்ல அலகுகளின் தெரிவு குறைந்துபோகும். மாற்றுவதற்கு அது ஒன்றே போதிய காரணம்.

ரி வடிவ அலகுகளின் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும் இலக்கங்களும் எழுத்துகளும் கடைக்காரர் சொல்வதை விட அதிகம் சொல்லும். ரி 101 பி (T 101 B) என்பதில் முதலில் வரும் 1 வழமையான நீளத்தைக் குறிக்கிறது. அது 3 என்றிருந்தால் நீளமான அலகு. இலக்கத்துக்குப் பின்வரும் எழுத்து பல்லின் பருமனைக் காட்டும்: ஏ நுண்பல், பி நடுத்தரம், சி பரும்பல், டி மிகப் பரும்பல். அதற்கும் பின்னால் ஓ இருந்தால் வளைவுக்கான ஒடுங்கிய அலகு. ஆர் இருந்தால் பற்கள் தலைகீழாகக் கீழ்நோக்கி வெட்டும். எஃப் இருந்தால் இரு உலோகம் சேர்த்துச் செய்யப்பட்ட, வளைந்தாலும் இலகுவில் முறியாத அலகு. பொஷ் நிறுவனத்தின் இந்தக் குறியீட்டு முறையை வேறு பல தயாரிப்பாளர்களும் பின்பற்றுகின்றனர்.

வன்னியில் வேலை செய்பவர் மனதில் இருத்த வேண்டிய எழுத்து அந்த எஃப்தான். ரி 101 பி மென்மரத்திலும் ஒட்டுப்பலகையிலும் கண்ணாடி போல வெட்டும். ஆனால் அது வெறும் காபன் உருக்கு. பாலையில் ஓர் அடி தூரம் போவதற்குள் அதன் பல் நுனிகள் நீலம் பாரித்துப் போவதைக் கண்டிருக்கிறேன். அதே வடிவத்தில் ரி 101 பிஎஃப் என்றும், பரும்பல்லில் ரி 144 டிஎஃப் என்றும் வருபவை வைர மரத்துக்கென்றே செய்யப்பட்டவை. விலை கூடியவைதான், ஆனால் மூன்று சாதாரண அலகு தீர்ந்த பின்னும் ஒன்று உழைத்துக்கொண்டிருக்கும். கைச்சட்டம் போன்ற தடித்த வேலைக்கு நான் ரி 144 டிஎஃப் அலகால் கோட்டுக்கு வெளியே வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சீவியும் ராவியும் எடுக்கிறேன். இறுகிய வளைவுகளுக்கு ரி 244 டி உதவும். மெல்லிய பலகையில் கோயில் வேலைக்கான கொடி, பூ முதலியவற்றை வெட்டும்போது ரி 101 ஏஓ போல வேறொன்று இல்லை. ஆனால் அது ஒடுங்கியதாகையால் பதினைந்து மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பில் வைத்தால் கட்டாயம் அலையும். மெலமைன் பூசிய பலகையின் மேல்முகம் சிதறாதிருக்க ரி 101 பிஆர். அது இயந்திரத்தை மேல்நோக்கித் தூக்கப் பார்க்கும் என்பதால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அலகின் நீளத்தைத் தெரிவதில் ஒரு சிறு கணக்கு உண்டு. மரத்தின் தடிப்போடு இயந்திரத்தின் வீச்சையும், அதாவது அலகு மேலும் கீழுமாகப் போய்வரும் தூரத்தையும், கூட்ட வேண்டும். ஒன்றரை அங்குலம் 38 மில்லிமீற்றர், வீச்சு 26 மில்லிமீற்றர், மொத்தம் 64. ரி 101 வகை அலகின் பல்வரிசை ஏறத்தாழ 75 மில்லிமீற்றர் ஆகையால் போதும். இரண்டு அங்குலப் பலகையானால் கூட்டுத்தொகை ஏறத்தாழ 77 ஆகிவிடும். அலகின் நுனி ஒவ்வொரு முறையும் மரத்துக்குள் ஏறி, இறங்கும்போது மரத்தில் குத்தி வளையும். அப்போது ரி 344 டி போன்ற நீளமான அலகு தேவை. தேவைக்கு மேல் நீளமான அலகைப் பூட்டுவதும் பிழையே. நீளம் கூடக் கூட அலகு வளையும் தன்மையும் கூடுகிறது.

மூன்றாம் படி: நல்ல இயந்திரத்தில் எதைப் பார்ப்பது

சுவிற்சர்லாந்தின் சொலத்தூர்ன் நகரிலிருந்த சிந்திலா நிறுவனத்தில் பணியாற்றிய அல்பேர்ட் காஃப்மன் என்ற பொறியியலாளர், 1946 இல் தையல் இயந்திரத்தின் ஊசியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வாளலகு ஒன்றைப் பூட்டிப் பார்த்ததிலிருந்தே இந்தக் கருவி பிறந்தது. 1947 இல் லெஸ்ரோ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தையல் ஊசியைப் போலவே ஜிக்சோவின் அலகும் இன்றுவரை மேல்முனையில் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கிறது. கீழ்முனை அந்தரத்தில் தொங்குகிறது. கீழ்வெட்டு விலகுவதற்கெல்லாம் மூலகாரணம் அதுவே. ஒரு முனையில் பிடிக்கப்பட்ட அலகை எவ்வளவு உறுதியாகவும் எவ்வளவு தாழ்வாகவும் தாங்குகிறது என்பதில்தான் விலை கூடிய இயந்திரம் விலை குறைந்ததிலிருந்து வேறுபடுகிறது.

எனவே வாற்று எண்ணைப் பார்ப்பதற்கு முன் பின்னுருளியைப் பாருங்கள். அலகின் முதுகைத் தாங்கும் அந்தச் சிறு உருளி அடித்தட்டுக்கு அண்மையில், தாழ்வாக இருக்க வேண்டும். அதன் நடுவிலுள்ள பள்ளம் அலகின் தடிப்புக்கு நெருங்கியதாக இருக்க வேண்டும். சில உயர்தர இயந்திரங்களில் உருளியோடு, அலகை இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் வழிகாட்டிகளும் உண்டு. தடித்த மரத்தில் நேர்வெட்டுக்கு அவை மிகவும் உதவுகின்றன.

அடுத்தது அடித்தட்டு. மலிவான இயந்திரங்களில் அது வளைத்த தகரம். ஒரு முறை சீமெந்து நிலத்தில் விழுந்தால் அதன் பின் மூலைமட்டத்துக்கு நிற்காது. வார்ப்பு அலுமினியத் தட்டோ தடித்த உருக்குத் தட்டோ உள்ளதைத் தெரிவு செய்யுங்கள். கடையில் கண்ணாடி மேசை இருந்தால் அதன் மேல் வைத்து நான்கு மூலையையும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள், ஆடினால் வேண்டாம்.

அலகுப் பிடி கருவியின்றித் திறந்து மூடுவதாக இருக்க வேண்டும். இது வெறும் வசதிக்காக அன்று. அலகை மாற்றுவது இலகுவாக இருந்தால்தான் வேலைக்கேற்ற அலகை மனிதர் உண்மையில் மாற்றுவர்.

வீச்சு, வேகம், ஊசல் ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்க வேண்டும். மக்கிட்டா 4329 போன்ற தொடக்கநிலை இயந்திரம் 450 வாற்றும் 18 மில்லிமீற்றர் வீச்சும் உடையது. மென்மரத்தில் 65 மில்லிமீற்றர் வரை வெட்டும். அதே நிறுவனத்தின் 4350 வரிசை 720 வாற்று, 26 மில்லிமீற்றர் வீச்சு, மென்மரத்தில் 135 மில்லிமீற்றர். பொஷ் ஜிஎஸ்ரி 90 பிஇ 650 வாற்றும் 26 மில்லிமீற்றர் வீச்சும் கொண்டது. ஜிஎஸ்ரி 150 பிசிஇ 780 வாற்று. வாற்று இரட்டிப்பாகாத போதும் வேலை வேறுபடுவதற்குக் காரணம் அந்த எட்டு மில்லிமீற்றர் மேலதிக வீச்சே. வீச்சு நீளமாக இருந்தால் வெட்டுத்தூள் வெளியே வருகிறது, பல்வரிசையின் பெரும் பகுதி வேலை செய்கிறது, அலகு சூடேறுவது குறைகிறது. குறுகிய வீச்சில் நடுவிலுள்ள சில பற்கள் மட்டும் உழைத்து மழுங்க, மேலும் கீழும் உள்ளவை புதிதாகவே கிடக்கும். என் பழைய அலகுகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது.

சுமை ஏறும்போதும் வேகத்தைக் குறையவிடாத மின்னணுக் கட்டுப்பாடு உள்ள இயந்திரமானால் முதிரையில் வித்தியாசம் உடனே தெரியும். பிடி வில் வடிவமா, உருளை வடிவமா என்பது கைப்பழக்கத்தைப் பொறுத்தது. உருளைப் பிடி கையை மரத்துக்கு அண்மையில் வைப்பதால் வளைவு வேலைக்கு உகந்தது என்பது என் கருத்து. ஒற்றைக் கையால் நீண்ட நேரம் பிடிப்பவருக்கு வில் பிடியே நல்லது.

நான்காம் படி: வாங்குதல்

வன்னியில் இயந்திரம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று கடை, மற்றையது வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பயணப்பெட்டி. இரண்டாவதில்தான் கூடிய கவனம் தேவை. கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்கப்படுவது 120 வோல்ற்று இயந்திரம். எங்கள் 230 வோல்ற்றில் அதைச் செருகினால் சில வினாடிகளில் புகை வரும். வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போர்மர் வைத்து ஓட்டலாம். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு வேலைத்தளம் தளமாகத் திரிய முடியாது. இங்கிலாந்திலிருந்து வருவது பொதுவாகப் பொருந்தும் என்றாலும், அங்கே கட்டட வேலைத்தளங்களுக்கென்று மஞ்சள் பிளக்கோடு விற்கப்படும் 110 வோல்ற்று வகையும் உண்டு. ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் இயந்திரங்களுக்குப் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். மாமாவுக்குத் தொலைபேசியில் சொல்லும்போது "நல்ல ஜிக்சோ" என்று சொல்லாமல், பெயர்த்தகட்டில் 230 வோல்ற்று அல்லது 220–240 வோல்ற்று என்று எழுதியிருப்பதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பற்றரியில் ஓடும் இயந்திரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்; அதன் சார்ஜரும் 120 வோல்ற்றாக இருக்கலாம்.

பற்றரி வகையை வாங்குவதானால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள றில்லின் பற்றரியே அதற்கும் பொருந்த வேண்டும். அப்படியில்லாவிட்டால், நாள் முழுவதும் தடித்த மரம் வெட்டும் பட்டறைக்கு வயர் உள்ளதையே நான் சொல்வேன்.

கடையில் வாங்கும்போது உத்தரவாதப் பத்திரத்தோடு, மோட்டருக்கு மின்னைக் கடத்தித் தேயும் கரித்துண்டான காபன் பிரஷ் கிடைக்குமா என்றும் கேளுங்கள். பெயர் பெற்ற நிறுவனங்களின் சாயலில் வரும் போலிகள் நிறையவே உள்ளன. எழுத்து மங்கிய பெயர்த்தகடு, தொடர் இலக்கம் இல்லாமை, வழமைக்கு மாறான மலிவு ஆகியவை அறிகுறிகள். கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த ரி 144 டிஎஃப் அலகு ஒன்றையும் ஒரு முதிரைத் துண்டையும் மூலைமட்டத்தையும் கொண்டு போங்கள். முதற்படியில் சொன்ன சோதனையை அங்கேயே செய்து காட்ட அனுமதிக்காத கடையில் நான் வாங்குவதில்லை. அனுமதித்த கடையில், முதலில் எடுத்த பெட்டி சரிந்து வெட்டியது. அதே வகையில் இரண்டாவது பெட்டி நேராக வெட்டியது. ஒரே வகை இயந்திரங்களுக்குள்ளும் இப்படி வேறுபாடு இருக்கும்.

ஐந்தாம் படி: முதல் நாளில் ஒழுங்குபடுத்தல்

புதிய இயந்திரத்தின் அடித்தட்டு பூச்சியக் கோணத்தில் நிற்கிறது என்று நம்ப வேண்டாம். பிளக்கைக் கழற்றி, அலகைப் பூட்டி, இயந்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்து, மூலைமட்டத்தின் தகட்டைப் பற்களில் படாமல் அலகின் தட்டையான உடலில் சாய்த்துப் பாருங்கள். தட்டின் திருகாணியைத் தளர்த்திச் சரிசெய்த பின், இறுதித் தீர்ப்பை வெட்டிடமே கேட்க வேண்டும். ஒரு துண்டைக் குறுக்காக வெட்டி, இரு பாதிகளில் ஒன்றை மட்டும் கவிழ்த்து, வெட்டுமுகங்களை ஒன்றோடொன்று சேர்த்து மேசையில் வையுங்கள். கோணம் சரியானால் இடைவெளியின்றிப் பொருந்தும். பிழையானால், பிழை இரட்டிப்பாகி ஆப்பு வடிவில் வாய்விட்டு நிற்கும். கண்ணுக்கு எட்டாத பிழையையும் இந்த முறை காட்டிவிடும்.

பின்னுருளி அலகின் முதுகைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறதா என்று பார்த்து, அதில் ஒரு துளி மெஷின் ஒயில் விடுங்கள். அடித்தட்டின் கீழ்முகத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துத் துணியால் துடைத்தால், முதிரையின் பளபளப்பான முகத்தில் இயந்திரம் வழுக்கிக்கொண்டு போகும்.

ஆறாம் படி: கைச்சட்டத்தை மீண்டும் வெட்டுதல்

இரண்டு கைச்சட்டமும் ஒத்திருக்க வேண்டுமானால் இரு பலகையை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே தடவையில் வெட்டலாம் என்று தோன்றும். தடிப்பு இரட்டிப்பானால் கீழ்ப்பலகை நிச்சயமாக வேறு வடிவத்தில் வரும். அதைச் செய்ய வேண்டாம். ஆறு மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் மாதிரி ஒன்றை வெட்டி, அதன் ஓரத்தை மணற்தாளால் சீர்செய்து, அதையே இரு பலகையிலும் வைத்துக் கோடிடுங்கள். ஜிக்சோவின் பற்கள் மேல்நோக்கி வெட்டுவதால் சிராய் கிளம்புவது மேற்பக்கத்தில். எனவே கதிரையில் கண்ணுக்குத் தெரியப்போகும் முகத்தைக் கீழே வைத்து, பின்முகத்தில் கோடிடுவதே வழக்கம்.

பலகையை இரண்டு கிளாம்ப்பால் மேசையோடு இறுக்கி, வெட்டும் பாதைக்குக் கீழே மேசை இல்லாதபடி பாருங்கள். இறுகிய வளைவு வரும் இடங்களில், கழிவுப் பக்கத்திலிருந்து கோடு வரை விரலிடை தூரத்துக்கு ஒன்றாகச் சில நேர்வெட்டுகளை முதலிலேயே போட்டுவிடுங்கள். பின்னர் கோட்டோடு வளைந்து போகும்போது கழிவுத் துண்டுகள் தாமாக உதிர, அலகுக்குத் திரும்ப இடம் கிடைக்கும்.

ஊசலை வளைவுக்குப் பூச்சியத்திலும் நேர்ப்பகுதிக்கு ஒன்றிலும் வைக்கிறேன். மூன்றில் வைத்தால் வேகம் வரும். ஆனால் வைர மரத்தில் அலகு உதறத் தொடங்கும். வேகத்தை ஆறு நிலையில் நாலோ ஐந்தோ வைத்தால் நல்லது. அடித்தட்டின் முன்பகுதியை மரத்தில் பதித்து, அலகு மரத்தைத் தொடும் முன்னரே சுவிட்சை அழுத்துங்கள். கோட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீற்றர் வெளியே நில்லுங்கள். வளைவில் கையை முறுக்காமல், உடம்போடு சேர்ந்து சுற்றி நடப்பதே இரகசியம். இயந்திரத்தைப் பக்கவாட்டில் அமத்தினால் மேல்வெட்டுக் கோட்டில் இருக்கும், கீழ்வெட்டு வேறு வழியே போகும். முன்பு நான்கு மில்லிமீற்றர் விலகியதற்கு இயந்திரத்தின் தேய்வு பாதிக் காரணம். என் அவசரம் மறுபாதி.

புகை மணம் வந்தால் நிறுத்துங்கள். பாலையில் அது அலகு மழுங்கியதற்கான அறிவிப்பு. தொடர்ந்து தள்ளினால் வெட்டுமுகம் கருகி, பின்னர் பூசும் வார்னிஷுக்கு அடியிலும் கறுப்பாகவே தெரியும். வெட்டி முடிந்ததும் அலகு முற்றாக நின்ற பின்னரே இயந்திரத்தைத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் நுனி மரத்தில் குத்தி அலகு வளையும்.

சட்டத்தின் நடுவே துளை வடிவம் வெட்டுவதானால், வைர மரத்தில் அலகைச் சாய்த்துக் குத்தி இறக்கும் முறை வேண்டாம். 12 மில்லிமீற்றர் றில்லால் துளையிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். இவ்வளவும் செய்த பின்னும், இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட பாலையில் எந்த ஜிக்சோவும் முழுச் செங்குத்தாக வளைவு வெட்டாது. அந்த வேலை அதிகம் வருமானால் பண்ட்சோ (வளையமாக ஓடும் பட்டைவாள்) உள்ள பட்டறையில் கொடுத்து வெட்டுவிப்பதே இலாபம்.

பனையைப் பற்றித் தனியாக ஒரு சொல். அதன் கறுத்த வெளிவைரம் கம்பிக் கட்டுப் போன்றது. நுண்பல் அலகு அதில் அடைத்துப்போகும், பரும்பல் அலகு நாரைப் பிய்க்கும். வெட்டுக் கோட்டின் மேல் ரேப் ஒட்டி, நடுத்தரப் பல்லும் எஃப் எழுத்தும் உள்ள அலகால், ஊசலின்றி வெட்டுங்கள். பனஞ்சிராம்பு ஏறியவர் அந்த ஓரத்தில் வெறுங்கையை வைக்க மாட்டார்.

மரத்துக்குள் இரும்பு

வன்னியில் வேலை செய்பவருக்கு வேறு ஊர் வழிகாட்டிகள் சொல்லாத ஒரு படி உண்டு. 2009 வரை போர் நடந்த இடங்களில் நின்ற மரங்களுக்குள் செல் சன்னமும் துப்பாக்கி ரவையும் இன்னும் கிடக்கின்றன. மரம் வளர வளரப் பட்டை மூடிக்கொண்டுவிட்டது. முள்ளியவளைப் பக்கத்து வேம்புப் பலகை ஒன்றில் என் அலகு திடீரென்று கீச்சிட்டு நின்றது. கழற்றிப் பார்த்தால் ஐந்து பற்கள் இல்லை; வெட்டின் அடியில் நகத்தளவு துருப்பிடித்த இரும்பு, அதைச் சுற்றி விரலகலத்துக்கு நார்வழியே பரவிய கருநீலக் கறை. அந்தக் கறைதான் அடையாளம். பலகையை ஒரு தடவை சீவியவுடன் காரணமின்றிக் கறுத்த கோடு தெரிந்தால் அங்கே இரும்பைத் தேடுங்கள்.

பலமான காந்தத் துண்டு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பலகையின் முகத்துக்கு மேல் மெல்லக் கொண்டு போனால், மேற்பரப்புக்கு அண்மையிலுள்ள சன்னத்தின் மேல் அது இழுபடும். ஆழத்தில் இருப்பதையும் ஈயத்தையும் காந்தம் காட்டாது. அடிக்கடி இப்படிப்பட்ட மரம் வருமானால் கையில் பிடிக்கும் உலோகங்காணி வாங்குவது ஓர் அலகுக் கட்டின் செலவோடு ஒப்பிடும்போது வீண் அல்ல. சன்னம் என்று உறுதியாகத் தெரியாத பெரிய உலோகப் பொருள் தென்பட்டால் வெட்டவும் தோண்டவும் வேண்டாம். விலகி நின்று பொலிஸாருக்கு அறிவியுங்கள். மரக்காலையில் வாங்கும்போதே மரம் எந்தப் பக்கத்தது என்று கேட்டு, மரத்தைக் கொண்டுசெல்வதற்கான வழியனுமதிப் பத்திரத்தையும் பார்த்துக்கொள்வது நன்மை.

மின்சாரம், தூள், பராமரிப்பு

நீட்டு வயரைச் சுருளோடு விட்டு ஓட்டாமல் முழுதாக விரித்துவிடுங்கள். சுருளில் வெப்பம் சேர்ந்து காப்புறை உருகும். மாலை நேரத்தில் மின்னழுத்தம் தாழும் ஊர்களில் இயந்திரம் முனகினால், தள்ளுவதைக் குறைப்பதை விட வேலையை நிறுத்துவதே மோட்டருக்கு நல்லது.

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும். எந்த மரத்தூளும் நீண்ட காலத்தில் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. N95 வகை முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள்; துணியை மூக்கில் கட்டுவது போதாது. அஸ்பெஸ்ரஸ் கூரைத்தகட்டை எந்த ஜிக்சோவாலும் வெட்ட வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு முறை காற்றுத் துவாரங்களை ஊதி, அலகுப் பிடிக்குள் சேர்ந்த தூளைத் தூரிகையால் எடுத்து, உருளிக்கு ஒரு துளி ஒயில் விடுங்கள். பிசின் படிந்த அலகை மண்ணெண்ணெயில் ஊறவிட்டுத் துடைத்தால் மீண்டும் வெட்டும். மோட்டரின் காற்றுத் துவாரத்தில் பெரிய தீப்பொறி தெரிந்தால் காபன் பிரஷைப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். மாரியில் தகரக் கொட்டிலில் இரவில் ஈரம் இறங்கும் என்பதால், இயந்திரத்தை மேசையில் விடாமல் மூடிய பெட்டியில் வைத்து, அடித்தட்டில் மெழுகு பூசிவிடுங்கள்.

பழைய ஜிக்சோவை நான் எறியவில்லை. பிவிசி சீலிங் தகட்டுக்கும் மெலமைன் துண்டுகளுக்கும் அதன் ஆட்டம் ஒரு குறையாகத் தெரிவதில்லை. சன்னம் இருக்குமோ என்று சந்தேகப்படும் பலகைகளில் முதல் வெட்டை இப்போது அதுவே போடுகிறது.